ஸ்டிக்கர் இல்லாத பாரியோ அரிசி

சில வருடங்களுக்கு முன், மலேசியாவின் கிள்ளான் நகரில் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் நடந்தது இது. நான் அங்கே தோசைக் கடை போட்டிருந்தேன். பக்கத்து மேசையில், சரவாக்கின் பாரியோ மலையிலிருந்து வந்த ஒரு பெண் அரிசி விற்றார். அந்த மலையில் விளைந்ததை மட்டும்தான் 'பாரியோ அரிசி' என்று விற்கலாம்; அதற்குச் சட்டப் பாதுகாப்பும் முத்திரை ஸ்டிக்கரும் உண்டு. அவர் பைகளில் அது இல்லை. மலையிலிருந்து வரும் சின்ன விமானத்தில் எடை கூடிவிட்டதென்று சில பெட்டிகளை இறக்கிவிட்டார்களாம். ஸ்டிக்கர் பெட்டியும் அவற்றோடு நின்றுவிட்டது.

எதிர்க் கடைக்காரர் நம் தமிழ் ஆள்தான். பளபளப்பான பையில், ஸ்டிக்கரோடு, 'பாரியோ அரிசி'யைப் பாதி விலைக்கு விற்றார். திடீரென்று அந்தப் பெண்ணைக் காட்டிக் கத்த ஆரம்பித்தார்.

"லேபிள் இல்ல பாருங்க, போலி அரிசி லா! வாங்கி ஏமாறாதீங்க!"

கூட்டம் கூடிவிட்டது. யாரோ போனில் வீடியோ எடுத்தார்கள். சந்தை மேற்பார்வையாளர் வந்து, கடையைக் காலி செய்யும்படி அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டார்.

எங்கள் கம்பத்துக் குடும்பங்கள், கிராமமே சேர்ந்து கொடுத்தனுப்பிய அறுவடை இது, எப்படித் திருப்பிக் கொண்டுபோவேன் என்று அந்தப் பெண் மலாயில் கேட்டார்.

"அண்ணே, கொஞ்சம் பொறுங்க. ரெண்டு அரிசியையும் இங்கேயே ஆக்கிப் பாத்துடலாம்" என்றேன் மேற்பார்வையாளரிடம்.

எதிர்க் கடைக்காரர் என்னிடம் நெருங்கி வந்தார்.

"அக்கா, தோசையைச் சுடுற வேலையப் பாருங்க. அடுத்த வாரம் இங்க கடை போடணுமா, வேணாமா?"

என் பிழைப்பே அந்தக் கடைதான். ஆனாலும் தோசைக்கல்லை இறக்கிவிட்டு இரண்டு சட்டிகளை ஏற்றினேன். எதிர்க் கடைக்காரரின் அரிசியைக் கழுவியபோது, அதுவரை கமகமத்த வாசனை தண்ணீரோடு போய்விட்டது. அதைக் கவனித்தவர், சட்டென்று என் கேஸ் சிலிண்டரை மூடக் கை நீட்டினார். நான் குறுக்கே நின்றுகொண்டேன்.

"கைய எடுங்க. வேகட்டும்" என்றார் மேற்பார்வையாளர்.

சோறு கொதித்து அடங்கும்வரை கூட்டம் கலையவில்லை.

மூடியைத் திறந்தபோது, மலைக்காரப் பெண்ணின் சட்டியிலிருந்து எழுந்த மணம் கூட்டத்தின் கடைசி வரை போனது. சின்னச் சின்னப் பருக்கை, பஞ்சு போல. மற்றதில் ஒரு மணமும் இல்லை. மேற்பார்வையாளர் இரண்டையும் வாயில் போட்டுப் பார்த்தார்.

"எங்கேருந்து வாங்கினீங்க இத?"

எதிர்க் கடைக்காரர் பைகளை வேனில் ஏற்ற ஆரம்பித்தார். அந்தப் பெண்ணின் அரிசி மதியத்துக்குள் தீர்ந்தது. போகும்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

அந்த ஆள் வேறு சந்தையில் அதே போலி ஸ்டிக்கரோடு விற்பதாகப் பிறகு கேள்விப்பட்டேன். எனக்குக் கோபம்தான் வந்தது. இப்போது எந்தப் பொருளில் ஓர் ஊரின் பெயரைப் பார்த்தாலும், அந்தப் பெயரை நம்பி அந்த ஊரில் எத்தனை வீட்டில் உலை வைக்கிறார்களோ என்றுதான் முதலில் தோன்றுகிறது.