செப்புக்குடத்தில் வந்த கடல்

தக்கலையிலிருந்து வடசேரிக்கு வீடு மாறியபோது என் கருத்தெல்லாம் நூல்களின்மீதே இருந்தது. எங்கள் பகுதி திருவாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த காலம் அது. நான் பள்ளித் தமிழாசிரியன். நூல்களைத் தூசு தட்டி, பொருள்வாரியாகப் பிரித்து, இடையிடையே வேப்பிலை இட்டு அடுக்கி முடிக்க மூன்று வாரம் சென்றது. முடித்து நிமிர்ந்த அன்றுதான் பின்கட்டிலிருந்து ஒரு நாற்றம் வந்தது. சாக்குப் போர்த்தி வைத்த கண்ணாடித் தொட்டி அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அது கடல்நீர்த் தொட்டி. ஈராண்டுக்கு முன் முட்டத்துக் கடற்கரைப் பாறைக் குழியொன்றில் செந்நிற மலரொன்று நீருக்குள் விரிந்திருக்கக் கண்டு தொட்டேன்; மலர் என் விரலைப் பற்றியது. கடற்சாமந்தி என்று பெயர். ஆயினும் செடியன்று, உயிரி. அதனைக் கல்லோடு பெயர்த்து வந்து, துணைக்கு இரு சிறு மீன்களையும் இட்டு, கொசுப்புழு கொடுத்து வளர்த்தேன்.

சாக்கை விலக்கினேன். நீர் பாதியாய் வற்றிப் பாசி மூடியிருந்தது. மீன்கள் மாண்டிருந்தன. கடற்சாமந்தி, கல்லில் ஒட்டிய கொட்டைப்பாக்கைப்போல் சுருங்கிக் கிடந்தது.

என் மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "கேட்டேளா, இதைக் கொண்டு போய்க் கொட்டுங்கோ. தொட்டி எனக்கு வேணும். வத்தல் போட்டு வைப்பேன், எலி தொடாது."

"இதற்கு இன்னும் உயிர் இருக்கிறது."

"பாக்கைக் காட்டி உயிர் இருக்குங்கேளே! சரி, பதினஞ்சு நாள். அதுக்குள்ள விரியலேன்னா வத்தல்தான்."

பாசியைத் தேங்காய்நாரால் தேய்த்தெடுத்தேன், மணலை அலசினேன். இனிப் புதிய கடல்நீர் வேண்டும். எங்கள் இல்லத்தில் தூய கலம் என்றால் அது செப்புக்குடமே. புளியிட்டுப் பளபளவெனத் துலக்கி, பேருந்தில் மடிமீது ஏந்திச் சென்று, முட்டத்தில் நீர் முகந்து வந்து ஊற்றினேன். மறுநாள் பாக்கு மேலும் சுருங்கி, வெண்சளி படர்ந்திருந்தது. குடம் போதிய தூய்மை பெறவில்லை என்று முடிவு செய்தேன். இருமடங்கு புளியிட்டுத் துலக்கி மீண்டும் சென்றேன். நிலைமை மோசமாயிற்று.

ஒன்பதாம் நாள், மூன்றாம் முறையாகக் கரையில் குடத்தோடு நின்றேன். மீன் சுமக்கும் ஓலைக் கடவத்தை அலசிக்கொண்டிருந்த ஓர் அம்மையார் ஏறிட்டுப் பார்த்தார்.

"கோயிலுக்கா சாரே?"

"இல்லை. வீட்டில் ஒரு கடலுயிர் நோயுற்றிருக்கிறது, அதற்கு."

அவர் கடவத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "தீர்த்தத்துக்குச் செம்பு கொள்ளாம். உயிருக்கு ஆவாது சாரே. தூண்டலுக்கு எரையா வச்சிருக்க உயிர் றாலைச் செம்புல இட்டா விடியுமுன்ன செத்து மிதக்கும். செம்போட களிம்பு தண்ணியில எறங்கும்லா? வீட்டுல மண்கலயம் இல்லியா?"

"புளியிட்டு நன்றாகத் துலக்கினேனே?"

"நல்லாத் துலக்கி நல்லாக் கொல்லப் பாத்தேள்."

வடசேரிச் சந்தைக்கு நாள்தோறும் வருபவர் அவர். கலயத்தில் நீர் கொண்டுவந்து தருவதாக ஒப்புக்கொண்டார். எங்கள் தெருவோ சைவத் தெரு. மீன் விற்போர் அங்கே திரும்பியதே இல்லை. தலையில் கடவமும் இடுப்பில் கலயமுமாக அவர் எங்கள் வாயிலில் நின்ற காலையில் தெருவே எட்டிப் பார்த்தது.

"ஏட்டி," என்றார் எதிர்வீட்டு அம்மாள் என் மனைவியிடம், "சாருக்கு வைத்தியர் மீன் திங்கச் சொல்லிட்டாரா?"

"கடத்தண்ணியாக்கும் அக்கா!"

"தண்ணி மட்டுமா? கொழம்பும் வச்சே கொண்டு வாறாளா?"

என் மனைவி கலயத்தை வாங்கி உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினாள். நான் பழைய நீரை ஒரு சொட்டும் விடாமல் இறைத்து, கல்லையும் மணலையும் கலயத்து நீரில் கழுவி, தொட்டியை நிரப்பினேன். காற்றுக் கலப்பதற்காகக் காலையும் மாலையும் சிரட்டை அகப்பையால் நீரை முகந்து உயரத்திலிருந்து ஊற்றினேன். பதினான்காம் நாள் வெண்சளி நீங்கிற்று. பாக்கு சற்றே நெகிழ்ந்தது. விரியவில்லை.

பதினைந்தாம் நாள், வத்தலை வெயிலில் பரப்பிவிட்டு என் மனைவி தொட்டியருகே வந்து நின்றாள். கலயத்தை இறக்கிய அம்மையார் குனிந்து பார்த்தார்.

"இதுக்குப் பசி சாரே. இவ்வளவு நாள் பட்டினி போட்டுட்டு விரி விரின்னா எப்படி விரியும்?"

கடவத்திலிருந்து ஓர் இறாலை எடுத்து உரித்தார். எங்கள் வாசற்படியை இறால் கடந்தது அதுவே முதன்முறை. நான் மனைவியைப் பார்த்தேன். மனைவி தெருவைப் பார்த்தாள்.

"நான் பாக்கலை," என்று கண்ணைப் பொத்திக்கொண்டாள். "சட்டுனு இடு."

ஈர்க்கின் நுனியில் குத்திய இறால் துணுக்கு பாக்கைத் தொட்டது. நெடுநேரம் அசைவில்லை. பிறகு செந்நிற இழையொன்று வெளிவந்து துழாவியது. அடுத்து நான்கு, பிறகு பத்து. மலர் முழுதாய் விரிந்து, இறாலைச் சுருட்டி உள்ளிழுத்தது.

"அய்யோ, திங்குது!" விரலிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி கைதட்டினாள்.

அம்மையார் விடைபெற்று நான்கு வீடு கடந்திருப்பார். என் மனைவி வாயிலுக்கு ஓடி உரத்துக் கூவினாள்: "மக்கா! நாளைக்கும் ஒரு றால் கொண்டு வா! பெருசா இருக்கட்டும்!"

எதிர்வீட்டுச் சாளரம் படாரெனத் திறந்தது.

"ஆமாக்கா, றால்தான்," என்றாள் என் மனைவி. "வந்து பாருங்கோ."