கம்பியைத் தொடாத பயணி

கும்பகோணத்திலிருந்து மன்னார்குடி போகும் பஸ்ஸில் நல்ல கூட்டம். எல்லோரும் மேல்கம்பியில் தொங்கிக்கொண்டிருக்க, ஒரு பெண்மணி மட்டும் கைகளை முன்னால் நீட்டி, முழங்கால்களை லேசாக மடக்கி நின்றிருந்தார். நாற்பது வயதிருக்கும். பருத்திப் புடவை, காலில் கனத்த ஷூ.

ஆற்றங்கரைச் சாலையில் பஸ் இடப்பக்கம் ஒடித்துத் திரும்பியது. நாங்களெல்லாம் வலப்பக்கம் சரிந்தோம். அவர் அசையவில்லை.

"பிடிச்சுக்கங்கம்மா, விழுந்துடப்போறீங்க" என்றேன்.

"பழகிட்டிருக்கேங்க. ஆஸ்திரியாவுல நர்ஸா இருக்கேன். போன குளிர்ல பனிச்சறுக்குல விழுந்து கால் ஒடிஞ்சுது. அடுத்த மாசம் அதே சரிவுல இறங்கப்போறேன்."

சுற்றிலும் தட்டையாகச் சம்பா வயல். எனக்குச் சிரிப்பு வந்தது.

"மேடே இல்லாத ஊர்ல எப்படிங்க?"

"வளைவு இருக்கே, போதும். இடது பக்கம் திரும்பினா வலது கால்ல கனத்தைப் போட்டு, கட்டைவிரல் பக்கமா அழுத்தணும். சறுக்குப் பலகையோட ஓரமும் அப்படித்தான் பனியில இறங்கிப் பிடிச்சுக்கும்."

"இவ்வளவு தெரிஞ்சும் ஏன் விழுந்தீங்க?"

"வரப்புல நடந்த காலாச்சே! வழுக்குதுன்னதும் பின்னாடி சாஞ்சுட்டேன். வரப்புன்னா சேத்துல உக்காந்து எழுந்துக்கலாம். பனியில பின்னாடி சாஞ்சா பலகை நம்ம பேச்சைக் கேக்காதுங்க. பள்ளத்தைப் பாத்துத்தான் சாயணும்."

"பயமா இல்லையா?"

"இருக்கு. அதுக்காக?"

வலங்கைமானில் இறங்கினார். படியிலும் கம்பியைத் தொடவில்லை.

அடுத்த வளைவில் நான் துணிந்து கையை விட்டேன். பின்சீட்டிலிருந்த கண்டக்டரின் மடியில் போய் உட்கார்ந்தேன். பின்னால்தான் சாய்ந்திருக்கிறேன்.