சாவியைக் கையளித்த குணரத்தினம்

கடல்கடந்து வந்து குடியேறிய ஒனிஹங்கா ஊரில் குணரத்தினத்தைத் தெரியாத தமிழர் குறைவு. அவரிடம் ஒரு வார்த்தை பேசப்போய், உடனே வீடு திரும்பிய தமிழர் அதைவிடக் குறைவு. விரி என்ற இடத்திலுள்ள ஒரு சரக்குக் கிடங்கில் லொறிகளை ஏற்றி அனுப்புகிற பகுதிக்கு அவர் பொறுப்பாளர். அது வயிற்றுப்பாட்டுக்கு. மனதுக்குப் பிடித்த உத்தியோகம் உலக நாடுகளை மேற்பார்வை பார்ப்பது. எந்த நாட்டில் எந்த மந்திரி பதவி விலகினாலும், அரசியல் யாப்பின்படி அடுத்து என்ன நடக்கவேண்டும் என்று அவருக்குத் தெரியும். மத்தியானம் அவரோடு ஒரே மேசையில் சாப்பிட உட்கார்ந்தவர்களுக்கும் தெரிந்துவிடும், அவர்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும்.

வீட்டுக்கும் அவர் ஒரு யாப்பு வைத்திருந்தார். அதன் முதலாவது விதி, கார் குணரத்தினத்தின் கையில். மனைவி கௌரி லைசென்ஸ் எடுத்துப் பல வருடங்களாகின்றன. முதல் தடவையிலேயே பாஸ். குணரத்தினம் மூன்றாம் தடவையில் பாஸான கதையை அந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை. கௌரி சுப்பர்மார்க்கெட் வரைக்கும் ஓட்டலாம், பக்கத்து இருக்கையில் அவர் இருந்தால். மோட்டர்வே கூடாது. மகள் நிருஜா இருக்கிற கிளென்ஃபீல்டுக்குப் போகும் வழியில் வரும் ஹார்பர் பாலமோ கூடவே கூடாது. அவர் ஓட்டும்போதே அந்தப் பாலத்தில் காருக்குள் யாரும் வாய் திறக்கக்கூடாது. "பாலத்திலை கதை குடுக்கக் கூடாது" என்பார்; ஏறுமுன்பே ரேடியோவும் நின்றுவிடும்.

இவ்வளவு அரசியல் தெரிந்த மனிதர், பஞ்சாங்கம் பார்க்காமல் ஒரு புதுச் சட்டைகூடப் போடமாட்டார் என்பதுதான் வேடிக்கை. ராகுகாலம், அட்டமி, நவமி எல்லாம் விரல்நுனியில். கோடையில் இந்த நாடு கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைத்தால் ராகுவும் கூடவே தள்ளிப் போவாரா என்று கோயில் ஐயரோடு ஒரு பின்னேரம் முழுக்க வாதாடி, போவார் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டு வந்தவர் அவர்.

அறுபதைத் தாண்டிய அவருக்கு ஒருநாள் அரசாங்கத்தின் குடல் பரிசோதனைப் பொதி தபாலில் வந்தது. இலவசம். கழிப்பறையில் ஒரு சின்னக் குச்சியால் மாதிரி எடுத்து, குழாயில் அடைத்து, கையோடு திருப்பி அனுப்பிவிட வேண்டும். எடுத்தது வரைக்கும் சரி. அனுப்புவதில்தான் சிக்கல். எடுத்த நாள் செவ்வாய். செவ்வாயில் அவர் எதையும் தொடங்குவதில்லை. புதன் அட்டமி. வியாழன் நவமி. வெள்ளிக்கிழமை, இலட்சுமி வீட்டுக்கு வருகிற நாளில், இதையா வெளியே அனுப்புவது? சனி, ஞாயிறு தபால் எடுப்பதில்லை, பெட்டியில் போட்டும் பயனில்லை. திங்கள் அவருடைய ராசிக்குச் சந்திராட்டமம்.

அதுவரைக்கும் அந்தக் குழாய் குளிர்சாதனப் பெட்டியில், கௌரியின் தோசைமாவுக்குப் பக்கத்தில், ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் பத்திரமாக இருந்தது. கண்டுபிடித்த அன்று கௌரி மாவை மட்டுமா கொட்டினார்? பெட்டியில் இருந்த சகலத்தையும் கொட்டினார். கடைசியில் ஒரு நல்ல நாளில், நல்ல நேரத்தில் குழாய் தபாலில் போனது. மாதிரி பழசாகிவிட்டது, புதுப் பொதி அனுப்புகிறோம் என்று ஆய்வுகூடத்திலிருந்து பதில் வந்தது.

இரண்டாவது பொதி வந்தபோது கௌரி அவரை நம்பவில்லை. அவர் வேலை முடிந்து வந்து மாதிரி எடுக்கும்வரை கழிப்பறை வாசலிலேயே நின்றார். கதவு திறந்ததும் உறையை வாங்கினார். செருப்பை அரைகுறையாக மாட்டிக்கொண்டு போய்த் தெருமுனைப் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் மறுவேலை. "இஞ்சாரும், செவ்வாய்க்கிழமை, ராகுகாலம்!" என்று வாசலில் நின்று கத்திய குணரத்தினத்தைத் தெருவில் போன நாய் மட்டும் திரும்பிப் பார்த்தது.

முடிவு வந்தது. மாதிரியில் இரத்தம் கலந்திருக்கிறது. குடலுக்குள் கமரா விட்டுப் பார்க்கவேண்டும் என்று டொக்டர் தொலைபேசியில் சொன்னார்.

"நீர் ராகுகாலத்திலை போட்டபடியாத்தான் இப்பிடி வந்தது," என்று குணரத்தினம் குதித்தார்.

"உறையை நான் போட்டனான். ரத்தம் உங்கடை வயித்திலையிருந்து வந்தது," என்றார் கௌரி.

அவர் அதற்குப் பிறகு குதிக்கவில்லை. அவருடைய அப்பாவுக்கும் இரத்தம்தான் போனது. ஊரில் யுத்த காலம், ஆஸ்பத்திரியில் மருந்தும் இல்லை, பார்ப்பதற்குக் கருவியும் இல்லை. என்ன நோய் என்று யாரும் சொல்லாமலே மனிதர் போய்ச் சேர்ந்தார். தனக்கும் அதுவாக இருந்தால்? தெரியாமல் இருந்தால் இல்லாமல் இருக்கும் என்று ஒரு கணக்கு, படித்த மனிதரின் மனதுக்குள்ளும் ஓடிக்கொண்டே இருந்தது. அதைக் கௌரியிடம்கூட அவர் சொல்லவில்லை. மருத்துவமனை கொடுத்த நேரம் வியாழக்கிழமை பின்னேரம் இரண்டு மணி என்று வந்தபோது, வியாழக்கிழமை ராகுகாலம் ஒன்றரையிலிருந்து மூன்று என்று மட்டும் சொன்னார். சொல்லும்போது முகத்தில் ஒரு நிம்மதிகூடத் தெரிந்தது.

அந்தக் கிழமைதான் அந்தச் செய்தி வந்தது. உலகத்தின் மறுபக்கத்தில் ஒரு பெரிய நாட்டின் ஜனாதிபதி, வழக்கமான குடல் பரிசோதனைக்குப் போனாராம். மயக்க மருந்து கொடுக்கிற நேரத்துக்கு மட்டும் நாட்டின் அதிகாரம் முழுவதையும் துணை ஜனாதிபதியிடம் எழுத்தில் ஒப்படைத்தாராம். விழித்தெழுந்ததும் திரும்பப் பெற்றுக்கொண்டாராம். குணரத்தினத்துக்குத் தலைகால் புரியவில்லை. வேலையிடத்தில் சொன்னார், கடையில் சொன்னார், இரவுச் சாப்பாட்டில் கௌரியிடமும் சொன்னார்.

"பாரும், இதெல்லோ நாடு! படை இல்லை, சண்டை இல்லை. இந்தா பிடி எண்டு குடுத்தார், தா எண்டு வாங்கினார். எங்கடை பக்கத்திலை கதிரையிலை இருந்தவன் ஆரும் தானாக எழும்பினதைக் கண்டிருக்கிறீரே?"

கௌரி சொதியை ஊற்றிக்கொண்டே, "ஓம், நல்ல விசயம்," என்றார். அவர் எதையும் சும்மா கேட்டுவிட்டு விடுகிறவர் இல்லை.

புதன்கிழமை காலை குணரத்தினம் தொலைபேசியும் கையுமாக நின்றார். வேறு நாள் கேட்கப்போகிறாராம். நிருஜாவுக்கும் வேலை, கூட்டிக்கொண்டு போக ஆளில்லை, மயக்க மருந்து கொடுத்தால் தான் கார் ஓட்டமுடியாது, அதோடு ராகுகாலம்.

"ஜனாதிபதி மயங்கினா ஆர் பொறுப்பு?" என்று கேட்டார் கௌரி.

"துணை ஜனாதிபதி."

"துணை ஜனாதிபதி வீட்டிலை நிக்கேக்கை, கிளென்ஃபீல்டிலையிருந்து மகளைக் கூப்பிடுறது எந்த யாப்பிலை இருக்கு? திறப்பைத் தாங்கோ."

குணரத்தினம் தொலைபேசியைப் பார்த்தார், பஞ்சாங்கத்தைப் பார்த்தார். கௌரி கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினார். "உங்கடை அப்பாவுக்குப் பாக்க ஒருத்தரும் இருக்கேல்லை. உங்களுக்குப் பாக்க ஒரு நாடே நிக்குது. எனக்கும் பயம்தான். வாங்கோ, போவம்."

அவர் தொலைபேசியை மேசையில் வைத்தார். காற்சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து, மகளைத் தாரைவார்த்துக் கொடுக்கிறவர்போல இரண்டு கையாலும் நீட்டினார். "நாளைக்கு மட்டும்தான்," என்றார். "மோட்டர்வேயாலை வேண்டாம்."

போகும்போது கௌரி அந்த விதியை மதித்தார். உள்வீதிகளாலேயே ஓட்டினார். குடலைக் கழுவுகிற மருந்தைக் குடித்துச் சோர்ந்துபோன குணரத்தினம் இடதுபக்கம் உட்கார்ந்து, ஒவ்வொரு சந்தியிலும் இல்லாத பிரேக்கை மிதித்தார்.

மருத்துவமனையில் அவருக்கு வாய்த்த நர்ஸ் ஒரு தமிழ்ப் பெண், மலேசியாக்காரி. பெயர் எலிசபெத். கையில் ஊசியைப் பொருத்திக்கொண்டே, "அங்கிள், ஏன் இப்படிப் பயப்படுறீங்க? சும்மா தூங்கி எழுந்த மாதிரி இருக்கும் லா," என்றாள். கடிகாரம் இரண்டைத் தாண்டியிருந்தது. குணரத்தினம் ராகுவை நினைத்தார், அப்பாவை நினைத்தார். பிறகு எலிசபெத்திடம், துணை ஜனாதிபதி வெளியே உட்கார்ந்திருக்கிறார், ஏதாவது என்றால் அவரிடம் சொல்லுங்கள் என்றார். மருந்து ஏறிவிட்டது போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். இன்னும் ஏறியிருக்கவில்லை.

கண் விழித்தபோது கௌரி பக்கத்தில் இருந்தார். டொக்டர் நின்றுகொண்டே விளக்கினார். குடலில் மூன்று சதைமுளைகள் இருந்தன. மூன்றையும் அங்கேயே வெட்டி எடுத்தாயிற்று. ஒன்று பெரியது, கவனிக்காமல் விட்டால் புற்றுநோயாக மாறக்கூடிய வகை. ஏற்கனவே மாறிவிட்டதா என்பது ஆய்வுகூடத்தில் பார்த்தால்தான் தெரியும். எப்படியும் நேரத்தோடு வந்துவிட்டீர்கள், அது பெரிய விசயம் என்று சொல்லிவிட்டு டொக்டர் போனார்.

அவர்கள் புறப்படுமுன் எலிசபெத் கண்டிப்பாகச் சொன்னாள். "அங்கிள், நாளைக்கு வரைக்கும் கார் ஓட்டக்கூடாது. கையெழுத்துப் போடக்கூடாது. முக்கியமான முடிவு எதுவும் எடுக்கக்கூடாது. எல்லாம் ஆன்ட்டிதான்."

"கேட்டுதே?" என்றார் கௌரி. திரும்பும்போது நேராக மோட்டர்வேயில் ஏறினார். குணரத்தினம் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். கார் ஒரே சீராகப் போனது. இத்தனை வருடம் தான் எதற்குப் பயந்தோம் என்று அவருக்கே விளங்கவில்லை.

மறுநாள் பின்னேரம் கௌரி தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் சாவியைக் கொண்டுவந்து வைத்தார். "அதிகாரம் திரும்ப உங்களிட்டை."

குணரத்தினம் சாவியைத் தொடவில்லை. "முடிவு வரட்டும். அதுவரைக்கும் நீரே வைச்சிரும்."

கௌரிக்கு விளங்கியது. அவர் விட்டுக்கொடுக்கவில்லை, பயந்துபோயிருக்கிறார். சாவியை எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார். அதன் பிறகு வந்த நாட்களில் அந்த வீட்டில் எந்த நாட்டு மந்திரியும் பதவி விலகவில்லை. ரேடியோ தன்பாட்டில் பேசிக்கொண்டிருந்தது. பஞ்சாங்கம் சுவரில் தொங்கியது, ஒருவரும் பார்க்கவில்லை. காலையில் அவரை விரிக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டுத்தான் கௌரி தன் வேலைக்குப் போனார்.

ஒரு வெள்ளிக்கிழமை மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. குணரத்தினம் கேட்டார், "யெஸ்" என்றார், இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு தொலைபேசியை வைத்துவிட்டு அடுப்படி நாற்காலியில் உட்கார்ந்து சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். கௌரி அடுப்பை விட்டு ஓடிவந்தார். "என்னப்பா, என்னவாம்? சொல்லுங்கோவன்!"

"ஒண்டுமில்லையாம். மாறேல்லையாம். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா மாறியிருக்குமாம். மூண்டு வருசத்தாலை திரும்ப வந்து காட்டட்டாம்." மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அப்பாவுக்கு இது கிடைக்கேல்லை, கௌரி," என்றார். கௌரி அவருடைய தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டார். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. இருவரும் எழும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நிருஜா வீட்டில் விருந்து. பின்னேரம் புறப்படும் நேரத்தில் கௌரி மறுபடியும் சாவியை நீட்டினார். இந்தத் தடவை குணரத்தினம் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டு வெளியே போனார். எல்லாம் பழையபடிதான் என்று கௌரி நினைத்தார். மனதில் ஒரு சின்ன ஏமாற்றமும் இருந்தது. கதவைப் பூட்டிவிட்டு வந்து பார்த்தால், காரில் இடதுபக்கம் பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார் அவர். சாவி ஓட்டுநர் இருக்கையில் இருந்தது.

"கிளென்ஃபீல்டுக்கப்பா. பாலம் வரும்," என்றார் கௌரி.

"வரட்டும்."

"மணி அஞ்சாகப்போகுது. ஞாயித்துக்கிழமை ராகுகாலம் எல்லே?"

"நீர் அண்டைக்கு உறையைப் போட்டதும் ராகுகாலம். எனக்குள்ளை கமரா விட்டதும் ராகுகாலம். எனக்கு அதுதான் ராசி. எடும் காரை."

நகரத்தைத் தாண்டிப் பாலத்தடிக்கு வந்ததும் கௌரியே ரேடியோவை நிறுத்தினார். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஏறினார். கீழே துறைமுகத் தண்ணீரில் படகுகள் நின்றன. பாலத்தின் உச்சியில், கலியாணம் முடித்த நாளிலிருந்து ஒருநாளும் சொல்லாத சொல்லைக் குணரத்தினம் சொன்னார்.

"நன்றி, கௌரி. நீர் அந்த உறையைப் போட்டிருக்காட்டி நான் இல்லை."

கௌரி பார்வையை வீதியிலிருந்து எடுக்கவில்லை. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக் கையும் எடுக்கவில்லை.

"பாலத்திலை கதை குடுக்கக் கூடாது," என்றார்.