கண்ட்ரோல் எலி நலமாக இருக்கிறது

ஜெர்மனியில் எலிகளுக்குக் கிடைக்கும் நிம்மதி எங்கள் ஊரில் மாப்பிள்ளைகளுக்குக்கூடக் கிடையாது. காலையில் ஆய்வகத்துக்குள் நுழைந்ததும் என் முதல் வேலை, கூண்டுகளில் மிச்சமிருக்கும் தீனியை எடைபோடுவது. பாதித் தீனியை ஒரு எலி அப்படியே வைத்திருந்தால் குறித்துக்கொண்டு நகர்ந்துவிட வேண்டும். ஏன் சாப்பிடவில்லை, நான் வைத்தது பிடிக்கவில்லையா என்று யாரும் மூக்கைச் சிந்துவதில்லை. கோயமுத்தூரில் பாதிச் சாப்பாட்டில் எழுந்து பாருங்கள், அந்த வீட்டோடு உறவே முறிந்துபோகும். பழக்க தோஷத்தில் நான் எலிகளிடமும் "சாப்பிடுங்க" என்றுதான் சொல்வேன். உடன் வேலை செய்யும் யோனாஸ் ஒருநாள், "எல்லா எலிக்கும் 'ங்க' என்று ஒரே பெயரா?" என்று கேட்டான். அது மரியாதை என்றேன். ஈரலை அறுத்தெடுக்கப்போகும் எலிக்கு எதற்கு மரியாதை என்று விழித்தான். எங்கள் ஊரில் கழுத்தை அறுக்கும்போதும் ங்க போட்டுத்தான் அறுப்பார்கள் என்பதை அவனுக்கு எப்படி விளக்குவது?

எங்கள் ஆராய்ச்சி இதுதான்: கொழுப்புத் தீனி போட்டு எலிகளின் ஈரலைக் கெடுப்போம். பிறகு ஒரு கூட்டத்துக்கு மருந்து, இன்னொரு கூட்டத்துக்கு வைட்டமின் இ போன்ற ஆன்டிஆக்ஸிடன்ட் கொடுத்து, தேறுகிறதா என்று பார்ப்போம். எதுவுமே செய்யாமல் சாதாரணத் தீனியோடு விட்டுவைக்கும் கூட்டத்துக்குக் கண்ட்ரோல் என்று பெயர். ஈரலைக் கெடுக்க இங்கே தனித் தீனி வரவழைக்கிறார்கள். கோயமுத்தூர் கணபதிப் பகுதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் என் அண்ணனுக்கு அந்தச் செலவும் இல்லை. தெருமுனை பேக்கரியில் தேங்காய் பன்னும் பப்ஸும், முகூர்த்த நாள் தவறாமல் விருந்தும் அதைப் பார்த்துக்கொண்டன. போன வருடம் ஸ்கேனில் ஃபேட்டி லிவர் என்று வந்ததும் போனில் அழாத குறை. "ஏனம்மணி, நான் ஒரு சொட்டுத் தொட்டதில்ல. ஈரல் கெட்டுப்போச்சுன்னதும் ஊட்ல எல்லாரும் என்னயக் குடிகாரன் மாதிரி பாக்கறாங்க." குடிக்காதவர்களுக்கும் வரும் என்று ஆரம்பித்து, வெளுத்துக் கிடக்கும் எலி ஈரல், நாங்கள் கொடுக்கும் வைட்டமின் என்று எல்லாவற்றையும் பாடமாக நடத்தினேன். "கண்ட்ரோல் எலிக ஈரல்தானுங்ணா நல்லாச் செவசெவன்னு இருக்குது" என்றும் சொன்னேன். "செரி செரி, கண்ட்ரோல் ஆனாச் செரி" என்று நிம்மதியாக வைத்துவிட்டார். என் விஞ்ஞானம் கணபதி வரைக்கும் போய்ச் சேர்ந்ததே என்று எனக்குப் பெருமை வேறு.

விடுமுறையில் ஊருக்குப் போனபோது ஆர்.எஸ்.புரத்தில் மறுபடி ஸ்கேன் எடுக்க நானும் கூடப்போனேன். முன்பைவிட மோசம். இப்படியே விட்டால் ஈரல் தழும்பேறி இறுகிவிடும், அப்புறம் மீட்பது கஷ்டம் என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொன்னார். அப்படி இறுகிப்போன எலி ஈரல்களைக் கையில் ஏந்திப் பார்த்தவள் நான். வெளியே வந்ததும் அண்ணன் என்மேல் பாய்ந்தார்.

"நீ சொன்ன வைட்டமினத்தான அம்மணி தெனமும் போட்டேன்? ஒரு நாள் உடல!"

"ஆருங்ணா உங்களப் போடச் சொன்னா?"

"கண்ட்ரோல் ஆன எலிக்கு ஈரல் நல்லா இருக்குதுன்னு நீதான சொன்ன? சுகர் கண்ட்ரோல் ஆகற மாதிரி அதுக்கும் ஆயிருச்சாக்கும்னு, மாத்திரையப் போட்டுப்போட்டு பப்ஸத் தின்னுட்டு இருந்தேன்."

"அய்யோ, கண்ட்ரோல்னா மருந்தே குடுக்காத எலிங்ணா. ஒண்ணும் பண்ணாமச் சும்மா உட்ட எலி."

வண்டியை எடுக்கப் போனவர் நின்றுவிட்டார். "நம்மூர்ல ஆரு அம்மணி மனுசனச் சும்மா உடறாங்க?" என்றார்.

வீட்டில் அண்ணி அன்றே சட்டத்தை மாற்றிவிட்டார். அண்ணனுக்கு ஒரு உருண்டை ராகிக் களியும் கீரையும். எனக்கு நெய் மிதக்கும் சோறும் நாட்டுக்கோழி வறுவலும். "அங்க காஞ்சு கெடந்திருப்பீங்க, சாப்பிடுங்க" என்று அவர் கரண்டியோடு நின்றபோது, பாதியில் எழ இந்த விஞ்ஞானிக்குத் தைரியம் வரவில்லை. அண்ணன் என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாம ரெண்டு பேரும் ஒரே வயித்துல பொறந்தவுங்க. ஒண்ணு கூண்டு மாறிப் போயிருச்சு, ஒண்ணு இங்கியே கெடக்குது. இதுல ஆரு அம்மணி கண்ட்ரோல்?" சிரித்து மழுப்பினேன்.

இப்போது அவர் பேக்கரிப் பக்கம் போவதில்லை. நான் நம்பமாட்டேன் என்று மத்தியானச் சாப்பாட்டைப் படமெடுத்து அனுப்புகிறார். அது வரும்போது எனக்கு இங்கே காலை, கையில் எலிகளின் மிச்சத் தீனி. இன்று வந்த படத்தில் இரண்டு தட்டுகள். ஒன்றில் களி. மற்றது கழுவித் துடைத்து வெறுமையாக இருந்தது. கீழே எழுதியிருந்தார்: "அது உன்ற தட்டு அம்மணி. ஒண்ணும் வெக்கல. கண்ட்ரோல்."

யோனாஸ் எட்டிப் பார்த்தான். வெறும் தட்டைக் காட்டி, "இது யாருடையது? துளி மிச்சமில்லாமல் சாப்பிட்டிருக்கிறாரே!" என்று மெச்சினான்.

"என்னுடையது" என்றேன்.