அம்மாவுக்கு அடிக்காத மணி

எங்கள் கோயில் கோபுரத்தில் மூன்று மணிகள் இருந்தன. மூன்றே மூன்று. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எங்கள் மணிச் சங்கத்தார் ரங்கூனில் நடந்துகொண்ட விதத்தைப் பார்த்தவர்கள் உள்ளே முப்பது மணி தொங்குவதாக நினைத்திருப்பார்கள்.

சங்கத்தை ஆரம்பித்தவர் ஒரு வெள்ளைக்கார ஐயர். எங்கள் சபையில் பாதிரியாரை ஐயர் என்றுதான் சொல்வோம். அவர் இங்கிலாந்தில் ஏதோ ஒரு கிராமத்துக் கோயிலிலிருந்து வந்தவர். அங்கே எட்டு மணியாம், எட்டுக் கயிறாம், எட்டுப் பேர் வட்டமாக நின்று ஒவ்வொரு சுற்றிலும் மணிகளின் வரிசையை மாற்றி மாற்றி அடிப்பார்களாம். எட்டு மணியின் வரிசைகளை எல்லாம் அடித்து முடிக்க ஒரு பகல் போதாதாம், இரவும் சேர வேண்டுமாம். அந்தப் பைத்தியத்தை அவர் கப்பலேற்றி ரங்கூனில் எங்கள் பேட்டையான மிங்கலா தாங்ஞுன்டுக்குக் கொண்டுவந்தார். ஆனால் மணி மூன்றுதான் வந்தது. மூன்று மணியை எத்தனை விதமாக மாற்றி அடிக்கலாம்? ஆறு விதமாக. ஒரு கையை விரித்து, அடுத்த கையில் ஒரு விரலை நீட்டினால் கணக்கு முடிந்தது.

அந்த ஆறையும் எங்கள் ஆட்கள் முப்பது வருடம் ஒத்திகை பார்த்தார்கள். சனிக்கிழமை மாலை தவறாமல். எட்டு குமாஸ்தாக்கள், மூன்று கயிறு. மூன்று பேர் இழுக்க, ஐந்து பேர் சுவரோரம் நின்று கண்ணை மூடிக் கேட்பார்கள். திங்கட்கிழமை பஸ்ஸில், "நாலாவது மாத்தம் கொஞ்சம் தடுக்கிடுச்சு, கவனிச்சீரா?" என்று ஒருவர் கேட்பார். "நாலாவதுதான் எப்பவும் சிக்கல்" என்று இன்னொருவர் பெருமூச்சு விடுவார். நான் பின் இருக்கையில் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொள்வேன். அந்தப் பேச்சு என் காதில் விழுவதே எனக்கு அவமானமாக இருந்தது.

வெள்ளைக்கார ஐயர் ஊருக்குப் போகும்போது சட்டங்களைத் தன் கையால் எழுதி, கண்ணாடி போட்டு மாட்டிவிட்டுப் போனார். சங்கத்தில் யாரோ அதைத் தமிழிலும் எழுதிப் பக்கத்தில் மாட்டினார்கள். கோபுரத்துக்குள் தொப்பி அணியலாகாது. சாராயம் கொண்டுவரலாகாது. குதிமுள் பூட்டிய காலுடன் கயிற்றைத் தொடலாகாது. குதிரைக்காரர்கள் காலில் மாட்டும் முள் அது. எங்கள் சங்கத்தில் குதிரையேறிய ஆள் ஒருவர்கூட இல்லை. ரயிலடியிலிருந்து ரப்பர் செருப்பைத் தேய்த்துக்கொண்டு வந்து சேர்ந்தவர்கள். ஆனாலும் புதிதாகச் சேருகிறவர் அந்தச் சட்டத்தை வாய்விட்டுப் படித்து, "கைக்கொள்வேன்" என்று சொல்ல வேண்டும். ஒருவர்கூடச் சிரித்ததில்லை. இதைத்தான் என்னால் இன்றுவரை நம்ப முடியவில்லை.

சங்கத்தின் தலைவருக்குக் கேப்டன் என்று பெயர். அரிசி ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் தலைமைக் குமாஸ்தா. ரங்கூன் வெயிலில் டை கட்டி, தொப்பி வைத்து நடப்பார். பர்மாவிலேயே பிறந்தவர்தான், ஆனால் பர்மியக் கைலியான லோஞ்சி கட்டிய ஆள் எதிரே வந்தால் பாதையின் நடுவைவிட்டு நகரமாட்டார். அவர் குரல் கோபுரத்தில் ஒரு மாதிரியாகவும் கம்பெனித் துரை முன்னால் வேறு மாதிரியாகவும் இருக்கும் என்று அப்பாவே ஒருமுறை வாய் தவறிச் சொல்லியிருக்கிறார்.

அப்பா பெரிய மணியை இழுப்பவர். ரயில்வேயில் குமாஸ்தா. கேப்டன் எள் என்றால் அப்பா எண்ணெயாக நிற்பார்.

அம்மா பர்மாக்காரி. ரங்கூனை ஒட்டிய இன்சீனில் பிறந்தவள். அப்பாவும் அவளும் முதலில் பர்மிய வழக்கப்படி நாலு பெரியவர்களை வைத்துக் குடும்பமானார்கள். நான் பிறந்து மூன்று வருடம் கழித்துத்தான் அவள் ஞானஸ்நானம் வாங்கினாள். அதற்குப் பிறகு அந்தக் கோயிலில் அவளைப் போல விழுந்து விழுந்து ஆராதனைக்குப் போனவர்கள் இல்லை. தமிழில் ஜெபம் பண்ணுவாள். திட்டும்போது மட்டும் பர்மிய மொழி வரும். சாவு வீட்டு நாளில் மணியின் நாக்கில் தோலைக் கட்டி ஓசையை மங்கவைப்பார்கள். அந்தத் தோல் உறைகளைத் தைத்துக் கொடுத்தது அம்மாதான். வருடத்துக்கு ஒரு தடவை சங்கத்தின் தேநீர் விருந்து நடக்கும். மற்ற மனைவிமார் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். அம்மா கேக் வெட்டிக் கொடுத்துவிட்டுச் சுவரோரம் நிற்பாள். யாரும் நிற்கச் சொல்லவில்லை. யாரும் உட்காரவும் சொல்லவில்லை.

எங்கள் கோபுரத்தில் சாவு மணிக்கு ஒரு கணக்கு உண்டு. பெரிய மணியில், ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு. ஆணுக்கு ஒன்பது, பெண்ணுக்கு ஆறு, குழந்தைக்கு மூன்று. கொஞ்சம் நிறுத்திவிட்டு, செத்தவருக்கு எத்தனை வயதோ அத்தனை அடி. மணி கேட்டதும் அம்மா அடுப்பில் கிளறுவதை நிறுத்திவிட்டு எண்ணுவாள். "பொம்பளை. அறுபத்தி மூணு. கடைசி வீட்டுப் பெரியம்மாதான்" என்பாள். பெரும்பாலும் சரியாக இருக்கும். ஒருநாள் எண்ணி முடித்துவிட்டு அப்பாவிடம் கேட்டாள்.

"ஏங்க, எனக்கும் அடிப்பாங்கல்ல?"

"அடிக்காம? பெரிய மணிக்காரன் பொண்டாட்டிடி நீ."

அம்மா முகத்தில் அன்று வந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்கு எரிச்சல்தான் வந்தது. மூன்று வெண்கலச் சட்டிக்கு இந்தப் பாடா என்று நினைத்தேன்.

நான் ஒரு ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருந்த காலத்தில், ஒரு மழைக்காலத்தில், அம்மாவுக்கு மஞ்சள் காமாலை முற்றிவிட்டது. ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் இருந்தாள். அங்கேயே போய்விட்டாள்.

கேப்டன் துக்கம் விசாரிக்க வந்தார். நல்ல நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். இன்சீனிலிருந்து வந்திருந்த என் சித்தி தேநீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"தம்பி, மணி விஷயம் ஒண்ணு பேசணும். சங்கத்தான் சம்சாரத்துக்கு மணி உண்டு. ஆனா சம்சாரம்னா என்ன? நம்ம கோயில்ல தாலி கட்டுன சம்சாரம். உங்களுது அப்படி இல்லையே."

"சட்டத்துல அப்படி எழுதலையே அண்ணாச்சி" என்றார் அப்பா, தரையைப் பார்த்துக்கொண்டு.

"எழுதலைன்னாலும் அதான் அர்த்தம். இன்னைக்கு ஒரு பர்மாக்காரிக்கு அடிச்சா நாளைக்கு இன்சீன் பூராவும் வந்து நிக்கும்."

எனக்குத் தாங்கவில்லை. "எங்கம்மா தச்ச தோலைக் கட்டித்தானே இத்தனை நாளும் உங்க வீட்டுச் சாவுக்கெல்லாம் அடிச்சீங்க?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. "பெரியவங்க பேசுற இடத்துல பிள்ளைக்கு என்ன வேலை, தம்பி?" என்று அப்பாவைத்தான் கேட்டார்.

அப்பா சொன்னது ஒரே வார்த்தை. "சரி அண்ணாச்சி."

அந்தச் 'சரி'யை நான் பல வருடம் சுமந்தேன். கேப்டன் மேல் இருந்தது வெறும் இளக்காரம். அவர் வேறு மாதிரி இருந்திருந்தால்தான் ஆச்சரியம். அப்பா மேல் இருந்தது அது அல்ல. இருபது வருடம் சோறு போட்ட கைக்கு மண்ணை அள்ளிப் போடும்போது ஒரு மணியோசை கேட்டு வாங்கத் துப்பில்லாத மனிதர் என்று அவர் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் தோன்றியது. அப்போதிருந்த ஐயர் நல்லவர், அதாவது ஒன்றுக்கும் உதவாதவர். "மணி சங்கத்தின் பொறுப்பம்மா" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் குடையை விரித்தார். பெட்டியைத் தூக்கும்போது எல்லோரும் ஒரு தடவை கோபுரத்தைப் பார்த்தார்கள். பிறகு தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

அதற்குள் காலம் மாறிவிட்டிருந்தது. கடைகளும் கம்பெனிகளும் அரசாங்கத்தின் கைக்குப் போயின. நம் ஆட்களுக்கு வேலை போயிற்று. ஒவ்வொரு கப்பலிலும் சபையில் நாலைந்து குடும்பம் குறைந்தது. போனவர்களை நான் குறை சொல்லவில்லை, அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. ஆனால் "மணி இருக்குற வரைக்கும் நாங்க இருப்போம்" என்று சனிக்கிழமைதோறும் மார்தட்டிய சங்கத்தார் ஒருவரிடமும் சொல்லாமல் நழுவினார்களே, அதற்குச் சிரிக்காமல் என்ன செய்வது? ஒத்திகைக்கு ஏழு பேர் வந்தார்கள், பிறகு ஐந்து, பிறகு மூன்று. எங்களை யாரும் போகச் சொல்லவில்லை. அம்மாவின் பிறப்புச் சீட்டின் தயவில் எங்களுக்கு இருக்க இடம் கிடைத்தது. பர்மாக்காரி செத்தும் காப்பாற்றினாள்.

கடைசியில் கேப்டனும் பெட்டி கட்டினார். சங்கத்தைச் சேர்ந்தவர் ஊரைவிட்டுப் போகும்போது கோயில் வாசலில் நிற்பார், மூன்று மணியையும் ஆறு மாற்றத்துடன் அடித்து வழியனுப்புவார்கள். இதுவும் வெள்ளைக்கார ஐயர் வைத்த வழக்கம். இழுக்க மூன்று பேர் வேண்டும். மீதி இருந்தது அப்பா ஒருவர். கோயிலைப் பெருக்கி மெழுகுவத்தி ஏற்றும் கோயில்பிள்ளையை இத்தனை வருடம் கயிற்றுப் பக்கமே விடாதவர்கள் இப்போது கூப்பிட்டுச் சின்ன மணியைக் கொடுத்தார்கள். நடு மணிக்கு ஆள் இல்லை.

அப்பா என்னைக் கேட்டார்.

"பொம்பளை இழுக்கலாமா?" என்று கேட்டேன், வேண்டுமென்றே.

"அண்ணாச்சிகிட்டக் கேட்டுட்டேன். சட்டத்துல எழுதலை, அதனால தப்பில்லைன்னுட்டாரு."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. எழுதாத ஒன்று அம்மாவுக்கு விலங்கானது, எனக்கு அனுமதியானது. ஆனாலும் சரி என்று சொன்னேன். ஏன் சொன்னேன் என்பதை அப்பாவிடம் சொல்லவில்லை. மணியின் நாக்கைக் கட்டி ஓசையில்லாமல் மூன்று வாரம் எனக்குக் கயிறு பழக்கினார். மணியைத் தலைகீழாக ஏற்றி நிறுத்துவது, ஒரு இழுப்புக்கு ஒரு சுற்றுவிட்டு மறுபடி நிறுத்துவது, அவ்வளவுதான். முப்பது வருட வித்தையை நான் மூன்று வாரத்தில் கற்றுக்கொண்டேன். அந்த ஆறு மாற்றத்தை முதல் வாரத்திலேயே.

அன்று காலை கேப்டன் டை கட்டி, தொப்பியுடன், குடும்பத்தோடு வாசலில் நின்றார். வெளியே சாமான் ஏற்றிய ஜீப். நாங்கள் மூவரும் மேலே கயிற்றைப் பிடித்து நின்றோம். நடு மணிதான் முதலில் தொடங்க வேண்டும் என்று அப்பா சொல்லியிருந்தார்.

நான் ஒரு அடி அடித்தேன். நிறுத்தினேன். சின்ன மணி தொடர்வதற்குள் கையைக் காட்டிக் கோயில்பிள்ளையைத் தடுத்தேன். இரண்டாவது அடித்தேன். ஆறு வரைக்கும் போய் நிறுத்தியபோது அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. என்னைத் தடுத்தால் கத்தத் தயாராக இருந்தேன். வாயில் வார்த்தைகூட வைத்திருந்தேன். அவர் பெரிய மணியின் கயிற்றைப் பிடித்தபடி அசையாமல் நின்றார்.

நான் வயதை அடிக்கத் தொடங்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று. கோயில்பிள்ளை கயிற்றை விட்டுவிட்டு ஜன்னல் சந்து வழியாகக் கீழே பார்த்தான்.

"என்ன செய்றாரு?" என்று கேட்டேன்.

"தொப்பியைக் கழட்டிட்டாரு" என்றான்.

சாவு மணி கேட்டால் ஆண்கள் தொப்பியைக் கழற்றி நிற்க வேண்டும் என்பதும் அந்தக் கண்ணாடிச் சட்டத்தில் உண்டு. எவளுக்கு அடிக்கிறார்கள் என்று தெரியாமல், தெரிந்தும் இருக்கலாம், அந்த மனிதர் வெறுந்தலையோடு வெயிலில் நின்றுகொண்டிருந்தார். அவர் மனைவி ஜீப்பைக் காட்டி ஏதோ சொல்கிறாளாம். அவர் நகரவில்லையாம். சட்டமல்லவா! நான் அவசரப்படவில்லை. ஒவ்வொரு அடிக்கும் நடுவில் மூச்சை முழுதாக இழுத்துவிட்டேன். எனக்கு அத்தனை சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் அம்மா எவ்வளவு இருந்தாள், நான் எவ்வளவு இருந்தேன் என்று அப்போது யோசிக்கவில்லை.

நாற்பத்தாறு. மணியை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தேன். ஜெயித்தவள் பார்க்கிற மாதிரிதான் பார்த்தேன்.

"இன்னும் ஒண்ணு" என்றார் அப்பா.

"நாப்பத்தாறு அடிச்சாச்சு. நான் எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன்."

"அவளுக்கு நாப்பத்தேழு. ஆஸ்பத்திரியில இருக்கும்போது அவ பிறந்த நாள் வந்துச்சு. ஒரு நாள் நான் தூக்குல மொய்ங்கா வாங்கிட்டு வந்தேனே, காமாலைக்காரிக்கு இதையா குடுக்குறதுன்னு என்னைத் திட்டுனியே. அன்னைக்குத்தான்."

நினைவிருந்தது. அந்த மீன்சாற்றை அம்மா இரண்டு கரண்டி குடித்துவிட்டு எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்தாள். எதற்குச் சிரிக்கிறாள் என்று நான் கேட்கவில்லை. தூக்கைப் பிடுங்கிக்கொண்டுபோய்ச் சாக்கடையில் கொட்டினேன்.

அப்பா பெரிய மணியின் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து, ஒரே ஒரு தடவை இழுத்தார்.