பஞ்சப்படி என்றால் எந்தப் படி?

காலை ஆறு மணி பத்து நிமிஷம். ரைஸ் மில் கேட்டில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. களத்து வேலைக்கு வந்த பெண்கள் அதற்கு நாலு முழம் தள்ளிச் சாலையோரத்தில் நின்றிருந்தார்கள். கேட்டின் சின்னக் கதவு திறந்தே இருந்தும் யாரும் உள்ளே போகவில்லை. பசை காயாததால் காகிதத்தின் கீழ் முனை சுருண்டு தொங்கியது.

நான் அப்போது கீரனூரில் இருந்துகொண்டு திருச்சிப் பத்திரிகை ஒன்றுக்குச் செய்தி அனுப்பிவந்தேன். முதல் பஸ் டிரைவரிடம் கவரைக் கொடுத்துவிட்டால் காலையிலேயே ஆபீசுக்குப் போய்விடும். பஸ் நிற்கும் இடம் மில்லுக்கு எதிரில் இருந்ததால் அந்தப் பெண்களில் பலரை முகம் தெரியும். அணா போய் நயாபைசா வந்து சில வருஷம் ஆகியும் அவர்கள் அணாவில்தான் பேசினார்கள். புதுக் காசில் ஏதோ குறைகிறது என்பது அவர்கள் எண்ணம்.

"பேப்பர்க்காரய்யா, இங்கிட்டு வாங்க. இதுல என்ன எழுதியிருக்குன்னு சொல்லிட்டுப் போங்க."

கூப்பிட்டவள் களத்துப் பெண்களிலேயே உயரமானவள். முப்பது வயதைத் தாண்டியவள். எந்தப் பேச்சையும் அவள்தான் தொடங்குவாள்.

நான் படித்தேன். அரசாங்க உத்தரவுப்படி, வரும் ஒன்றாம் தேதி முதல், களத்து வேலை செய்யும் பெண்களுக்கு உயர்த்தப்பட்ட குறைந்தபட்சக் கூலி, பஞ்சப்படி உள்பட, வாரந்தோறும் ரொக்கமாக வழங்கப்படும். இதர வழக்கங்கள் நிறுத்தப்படும்.

பின்னாலிருந்து ஒருத்தி சொன்னாள்: "உத்தரவுப்படி ஒண்ணு, பஞ்சப்படி ஒண்ணு. ஆக ரெண்டு படி!"

எல்லோரும் சிரித்தார்கள். உயரமானவள் சிரிக்கவில்லை.

"பஞ்சப்படின்னா எந்தப் படி? பட்டணம் படியா, நம்ம ஊருப் படியா?"

அது அளக்கிற படி இல்லை, விலைவாசி ஏறியதற்காகக் கூலியோடு சேர்த்துக் கொடுக்கும் பணம் என்றேன்.

"பணத்தை எதுக்குய்யா படிங்கிறாங்க?"

"இவரு முதலாளி வீட்டுல காப்பி குடிக்கிற ஆளு. இவருகிட்டப் போயி கேக்குறியே மதினி" என்று ஒரு குரல் கேட்டது. காப்பி குடித்தது உண்மைதான். பஸ் வந்துவிட்டது. நான் கவரைக் கொடுக்கப் போனேன்.

அவர்கள் அந்தச் சொல்லில் தடுக்கி நின்றதற்குக் காரணம் இருந்தது. அந்த மில்லில் அவித்த நெல்லைக் களத்தில் பரப்பி, காலால் துழாவித் துழாவிக் காயவைப்பது பெண்களின் வேலை. சாயங்காலம் களத்தைக் கூட்டி முடித்ததும், கணக்குப்பிள்ளை தவிட்டு அறை வாசலில் உட்கார்ந்து ஆளுக்கு அரைப்படி நொய் அளப்பார். அதற்குப் பெயரே படிதான். "படி வாங்கியாச்சா?" என்று கேட்டால் அன்றைய வேலை முடிந்துவிட்டதா என்று அர்த்தம். மில் தொடங்கின நாளிலிருந்து இருந்த வழக்கம். எந்தக் காகிதத்திலும் கிடையாது. கேட்டில் ஒட்டிய காகிதம் நிறுத்தப்போவதாகச் சொன்ன இதர வழக்கம் இதுதான்.

உயரமானவளுக்கு நாலு பிள்ளைகள். புருஷன் இதே மில்லுக்கு நெல் மூட்டை ஏற்றிவரும் வண்டிக்காரன். மதுவிலக்கு அமலில் இருந்த காலம். ஆனால் குடிக்க நினைத்தவனுக்கு எங்கே போகவேண்டும் என்பது தெரியும். ஒரு தடவை பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அவளே என்னிடம் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லியிருந்தாள்: "கூலி அவருக்கு, படி எங்களுக்கு." கூலியை வாரம் ஒருமுறை அப்படியே அவன் கையில் வைத்துவிடுவாள். நொய்யை அவன் தொடுவதில்லை. ராத்திரி பிள்ளைகள் குடிக்கிற கஞ்சி முழுக்க அந்த அரைப்படியில் காய்ச்சியதுதான். இப்போது உயரப்போவது அவனுக்குப் போகும் பங்கு. நிற்கப்போவது பிள்ளைகளின் பங்கு.

ஒன்றாம் தேதி சாயங்காலம் தவிட்டு அறை பூட்டியிருந்தது. பெண்கள் களத்தை விட்டு நகரவில்லை. நான் போனபோது கணக்குப்பிள்ளை சாவிக்கொத்தை இடுப்பில் செருகியபடி அவர்களுக்கு நடுவில் நின்றிருந்தார்.

"கவர்மெண்டே காயிதத்துல படி போட்டிருக்கு. நீங்க பூட்டி வச்சிருக்கீங்க" என்றாள் ஒருத்தி.

"அது பணம்மா, பணம்! ஒங்களுக்கு எத்தனை தடவை சொல்றது?"

"முன்னே அரைப்படி குடுத்தீங்க. இப்ப காயிதம் முழுப்படிங்குது. அதான் பூட்டிட்டீங்க."

கணக்குப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான்தான் கிளப்பிவிட்டேன் என்று அவர் நினைத்தது முகத்தில் தெரிந்தது. பெண்களோ நான் அவருக்குச் சாட்சி சொல்ல வந்திருப்பதாக நினைத்தார்கள். இருட்டியபிறகு கலைந்தார்கள். கேட்டில் காவல்காரன் வழக்கம்போல ஒவ்வொருத்தியையும் மடியை உதறிக் காட்டச் சொன்னான். அன்று உதறியபோது சேலையின் சத்தம் வழக்கத்தைவிடப் பலமாகக் கேட்டது.

அடுத்த வாரம் லேபர் இன்ஸ்பெக்டர் பஸ்ஸில் வந்து இறங்கினார். முதலாளி களத்தோரம் நாற்காலி போட்டு, ஒரு கலர் சோடா பாட்டிலை உடைத்துக் கையில் கொடுத்தார். பெண்கள் அதைப் பார்த்துக்கொண்டே நெல்லைத் துழாவினார்கள்.

"கலர் உள்ள போயிருச்சு. இனி வெளிய என்ன வரப்போவுது?" என்றாள் ரெண்டு படிக் கணக்குச் சொன்னவள்.

இன்ஸ்பெக்டர் நிதானமானவர். சட்டத்தை எளிதாகவே விளக்கினார். "உங்க படி கூலியோட சேர்ந்தே வந்துருதும்மா."

உயரமானவள் முன்னால் வந்தாள். "கூலியோட சேந்து வந்தா அதுவும் கூலி ஆயிருமே ஐயா. படி தனியா வரணும்."

"எதுக்குத் தனியா?"

"பிள்ளைகளுக்குக் கஞ்சி காச்ச."

"காசு இருந்தா வாங்கிக் காய்ச்சலாமே?"

"இருந்தா" என்றாள்.

கொஞ்சம் தள்ளி வண்டிக்காரர்கள் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் புருஷனும் அதில் இருந்தான். அவள் அங்கே பார்க்கவில்லை. ஆனால் குரலைத் தாழ்த்திக்கொண்டதை நான் கவனித்தேன். இன்ஸ்பெக்டர் கவனித்ததாகத் தெரியவில்லை.

முதலாளி குறுக்கே வந்தார். "நொய்தானே வேணும்? கூலியில கழிச்சுக்கிட்டுத் தாரேன். நான் மாட்டேன்னு சொல்லலையே."

"அது கூடாது. கூலி முழுசும் ரொக்கமாக் கையில குடுக்கணும். கழிக்கிறதுக்கு உத்தரவு இல்ல" என்றார் இன்ஸ்பெக்டர். சட்டம் அவர்கள் பக்கம் இருக்கிறது என்று பெண்களைப் பார்த்துச் சொன்னார். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போனார்.

புதுக் கூலி கொடுத்த முதல் சனிக்கிழமை மில் வாசலில் அதுவரை நான் பார்க்காத ஒன்றைப் பார்த்தேன். ஆண்கள் நின்றிருந்தார்கள். பஸ்ஸுக்கு நிற்பதுபோல, சிலர் பீடி பற்றவைத்துக்கொண்டு, ஒருவரோடு ஒருவர் பேசாமல். பழைய கூலிக்கு எவனும் வாசல்வரை வந்ததில்லை. அது வீடு தேடி வரும். இப்போது அது வழியில் குறைந்துவிடுமோ என்ற சந்தேகம். காவல்காரன் உதறிப்பார்த்து முடித்து, பெண்கள் வெளியே வந்து, சாலையைத் தாண்டுவதற்குள் கூலி கை மாறியது.

எல்லோருக்கும் அப்படி இல்லை. கல்யாணமாகாத ஒரு பெண் கறுப்புக் குடை வாங்கி, வெயில் இல்லாத நேரத்திலும் பிடித்துக்கொண்டு வந்தாள். இன்னொருத்தி அடகில் இருந்த பித்தளைக் குடத்தை மீட்டாள். அந்த வாரத்தில் கொஞ்சம் எண்ணெயும் சோப்பும் கூடுதலாக விற்றதாகக் கடைக்காரர் சொன்னார். இதையும் நான் எழுதியாகவேண்டும். அதே வாரத்தில், மில்லுக்குப் பின்னால் கொட்டிய உமியில் உயரமானவளின் மூத்த பிள்ளைகள் இரண்டு பேர் முறம் வைத்து நொய் தேடிக்கொண்டிருந்ததையும் பார்த்தேன். காவல்காரன் விரட்டினான்.

இரண்டையும் சேர்த்து அனுப்பினேன். பத்திரிகையில் மூன்று வரி வந்தது. கூலி உயர்வால் கீரனூர் ஆலைப் பெண்கள் மகிழ்ச்சி என்று தலைப்பு. மகிழ்ச்சி என்ற சொல் திருச்சியில் சேர்க்கப்பட்டது.

கொஞ்ச நாளில் தவிட்டு அறையின் பக்கச் சுவரில் புதிதாக ஒரு ஜன்னல் வைத்தார்கள். சனிக்கிழமை கூலி வாங்கியதும் பெண்கள் அங்கே போய்க் காசு கொடுத்து நொய் வாங்கினார்கள். அதே கணக்குப்பிள்ளை, அதே மரப்படி. எனக்கு உடனே விஷயம் புரிந்துவிட்டதாகத் தோன்றியது. சும்மா கொடுத்ததை நிறுத்தி, ஏற்றிய கூலியை ஜன்னல் வழியாகத் திரும்ப வாங்கிக்கொள்கிறார் முதலாளி. இந்தத் தடவை மூன்று வரியில் அடங்காது என்று நினைத்துக்கொண்டு அவரிடமே போய்க் கேட்டேன்.

"பொம்பளைங்களாத்தான் கேட்டாங்க" என்றார். முதலாளிகள் எல்லோரும் சொல்வது அதுதான். நான் நம்பவில்லை.

மறுநாள் பஸ் நிறுத்தத்தில் உயரமானவளைக் கேட்டேன்.

"நாந்தான் கேட்டேன்" என்றாள். "ஜன்னலை ரோட்டுப் பக்கம் வைக்கப் போனாரு. வேண்டாம், உள்பக்கமா வையுங்கன்னு சொன்னேன்."

"உள்ளே எதுக்கு?"

"வெளிய வச்சா வாங்குறதுக்குள்ள காசு போயிருமேய்யா." என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கேட்டைத் தாண்டுறதுக்கு முன்னாடி நொய்யா மாத்திரணும். மிச்சத்தைக் கொண்டுபோயி அவருகிட்டக் குடுத்துருவேன். நொய்க்குன்னு மில்லுலயே பிடிச்சுக்கிட்டாங்கன்னு சொல்லியிருக்கேன்."

"அவர் நம்பினாரா?"

"முதலாளி புடுங்குறாருன்னு சொன்னா யாருதான் நம்ப மாட்டாங்க?"

முன்பு சும்மா வந்த நொய்க்கு இப்போது விலை கொடுக்கிறீர்களே என்றேன்.

"சும்மாவா? இத்தன வருசம் வெயில்ல காலு வெந்தது சும்மாவா?" பிறகு அவசரமாகச் சொன்னாள்: "எழுதிராதீங்கய்யா. பேப்பர்ல வந்தா டீக்கடையில சத்தமாப் படிப்பாங்க. அவரு காதுல விழும்."

நான் எழுதவில்லை. அவள் புருஷன் ஒரு நாள் கணக்குப்பிள்ளையிடம் சண்டைக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன். பெண்டாட்டி கூலியில் எதற்காகப் பிடிக்கிறாய் என்று சட்டையைப் பிடித்தானாம். கணக்குப்பிள்ளை வசவை வாங்கிக்கொண்டாரே தவிர, பிடிக்கவில்லை என்று சொல்லவில்லை. அது இரக்கமா, ஜன்னல் வியாபாரம் கெட்டுவிடக் கூடாது என்பதா என்று எனக்குத் தெரியாது. அவளைக் கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. "எதுவா இருந்தா என்ன? அளக்கையில படித் தலையைத் தட்டிக் குறைக்காம இருந்தாச் சரி" என்றாள். அவள் மட்டும் படி நிறையும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்துக்கொண்டே நிற்பாள் என்று மற்றவர்கள் கேலி செய்தார்கள்.

பிள்ளைகள் உமிமேட்டுக்கு வருவது நின்றது. வாசலில் நிற்கும் ஆண்களின் எண்ணிக்கை ஒவ்வொரு சனிக்கிழமையும் குறைந்து, அறுப்புக் காலத்தில் ஒருவனும் வரவில்லை. மற்றப் பெண்களும் வீட்டில் அதே காரணத்தைச் சொல்ல, கூலி குறைவது வழியில் அல்ல, மில்லிலேயே என்று ஆண்கள் நம்பியிருக்க வேண்டும். அந்த ஊரில் முதலாளிக்கு இருந்த கெட்ட பெயர் அந்த வருஷம் இன்னும் வளர்ந்தது. அதற்கு அவர் ஒரு மறுப்பும் சொல்லவில்லை.

சில வருஷம் கழித்து அரசாங்கம் மறுபடியும் கூலியை உயர்த்தியது. அதே வாரம் ஜன்னலில் நொய்யின் விலை ஏறியது.