கல்யாணத்தன்று ஒரு வானிலை அறிக்கை

கடந்த சனிக்கிழமை ஒரு மணப்பெண்ணை மழையில் நனைய வைத்தேன். அதுவும் ஸ்லோவேனியன் மொழியில்!

விளக்குகிறேன். திட்டுவதானால் முடிவில் திட்டுங்கள்.

டேனிஷ்காரர்களின் நாட்டில், இஷொய் என்ற ஊரில், எங்கள் கீழ்வீட்டுக்காரர் யான்கோ. யூகோஸ்லாவியாவில் ஸ்லோவேனியாப் பக்கத்து மனிதர். எனக்கும் அவருக்கும் ஒரே தொழிற்சாலை, ஒரே ரயில். எனக்கு டேனிஷ் படிப்பிக்கும் ஆசிரியை, "தினமும் காலையில் ரேடியோவில் வானிலை அறிக்கை கேளுங்கள்" என்று வீட்டுப்பாடம் தந்திருக்கிறார். யான்கோவுக்கோ காலையில் ரேடியோ கேட்கப் பொறுமையில்லை. ஆகவே ரயிலில் நான்தான் அவருடைய ரேடியோ. அதையும் தன் மொழியிலேயே சொல்லப் பழக்கிவிட்டார். டெஷ் என்றால் மழை. சோன்த்ஸெ என்றால் வெயில். மெக்லா என்றால் பனிமூட்டம்...

எனக்குப் பெருமை தாங்கவில்லை. டேனிஷில் கேட்டுக் கடையில் ஒரு பாண் வாங்கவே திக்குகிறவன் நான். ஸ்லோவேனியனில்? நடமாடும் வானிலை நிலையம்!

சனிக்கிழமை யான்கோவின் மகளுக்குக் கல்யாணம். காலையில் கதவைத் தட்டினார். மேலே கோட்டும் டையும், காலில் வீட்டுச் செருப்பு. விருந்துக்குக் கட்டடத்தின் பொது மண்டபம் இருக்கிறது; ஆனால் சின்னது, இருட்டு. புல்வெளியில் மேசை போட்டால் அழகு. எங்கே போடுவது?

"காக்ஷ்னோ போ வ்ரெமே டானெஸ்?" என்றார். இன்று வானிலை எப்படி?

ரேடியோ அப்போதுதான் சொல்லி முடித்திருந்தது: மத்தியானத்திலிருந்து மழை, கூடவே காற்று.

வாயைத் திறந்தேன். எதிரே பெண்ணைப் பெற்றவர். கல்யாணக் காலை. கோட்டில் ஒரு வெள்ளைப் பூ. அந்த முகத்தைப் பார்த்து 'மழை' என்பதா?

"டானெஸ் போ சோன்த்ஸெ!" என்றேன். இன்று வெயில்!

என் கையைக் குலுக்கிவிட்டுப் படிகளில் துள்ளி இறங்கினார்.

குசினியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "இஞ்சருங்கோ, சோன்த்ஸெ எண்டால் வெயிலெல்லே? நித்திரையிலையும் நீங்கள் பாடமாக்கிற சொல்லு."

"ஓம்."

"ரேடியோவிலை மழை எண்டெல்லே சொன்னவங்கள்?"

"கலியாண வீட்டுக்காரனிட்டை விடியக்காலமை அபசகுனமாய்க் கதைக்கிறதே?"

"அந்த மனுசன் உங்களிட்டை நாள் பாக்க வரேல்லையப்பா, மேசை போட இடம் கேக்க வந்தவர்! ஓடிப்போய்ச் சொல்லுங்கோ."

"இப்ப போய்ச் சொன்னால் பொய் சொன்னனான் எண்டாகிடும்."

"சொல்லாட்டி?"

டேனிஷ் வானம்தானே, மனம் மாறாதா என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாறவில்லை. சூப் பரிமாறும்போது கொட்டியது. சூப் குறையவேயில்லை, கூடியது! மேசைவிரிப்புகள் பறந்தன. அக்கோர்டியன்காரர் வாத்தியத்தைக் கோட்டுக்குள் அணைத்துக்கொண்டு ஓடினார். மணப்பெண் சேறு அப்பிய சப்பாத்தைக் கையில் தூக்கியபடி மண்டபத்துக்குள் வந்தாள். நான் கதிரைகளைச் சுமந்தேன். என்னைவிட வேகமாக யாரும் சுமக்கவில்லை. காரணம் எனக்கும் மனைவிக்கும் மட்டும் தெரியும்.

சொட்டச் சொட்ட யான்கோ வந்தார். அடி விழுந்தாலும் சரி, சொல்லிவிடுவது என்று நிமிர்ந்தேன்.

"யான்கோ, நான்..."

அவர் என் தோளில் கை போட்டார். "பிழை என்னுடையது நண்பா," என்றார் டேனிஷில். "உனக்கு நான் சரியாகச் சொல்லித் தரவில்லை."

எல்லார் முன்னிலையிலும் வாசலுக்கு இழுத்துப் போய் வானத்தைக் காட்டினார். "டெஷ்."

"டெஷ்," என்றேன்.

"இன்னொரு முறை."

"டெஷ்!"

விருந்தாளிகள் கைதட்டினார்கள். மணப்பெண்ணும் உதவிக்கு வந்தாள். ஆவி படிந்த ஜன்னலில் ஈர விரலால் ஒரு சூரியனை வரைந்து, குழந்தைக்குச் சொல்வதுபோல், "சோன்த்ஸெ," என்றாள். கோபமே இல்லை அந்த முகத்தில். கோபித்திருக்கலாம்...

"இப்பவாவது சொல்லுங்கோவன்," என்று மனைவி காதைக் கடித்தாள்.

சொல்லியிருக்கலாம். ஆனால் அப்போதும் கல்யாணம் நடந்துகொண்டுதானே இருந்தது!

கெட்டதை வாயால் சொல்லாவிட்டால் அது வராது என்று நம்புகிற ஆட்கள் நாங்கள். பத்திரிகையில் எங்கள் ஊர் யுத்தத்தில் எரிகிறது. ஊரிலிருந்து வரும் கடிதத்தில் 'யாவரும் நலம்'. இங்கே விசாவும் இல்லை, நித்திரையும் இல்லை. நாங்கள் போடும் பதிலிலும் 'யாவரும் நலம்'. வெயில், வெயில், எங்கும் வெயில். நனைகிறவர்கள் மட்டும் நனைந்துகொண்டே இருக்கிறோம்.

திங்கட்கிழமை ரயிலில் யான்கோ முதல் பாடத்திலிருந்து தொடங்கினார். அவருக்குச் சந்தேகம் வரக் கூடாதே என்று இடையிடையே பிழையும் விட்டேன் — வெட்கங்கெட்டவன்!